சரியான இடத்தில் ஒரு சிரிப்பு

பாசாவில் டான்யூப் ஆற்றுக் கப்பலில் ஏறிய அன்று மாலையே ஹைட்ரூன் முடிவு செய்துவிட்டாள்: பேருந்தில் போய்ப் பேருந்தில் திரும்புகிற பயணங்கள் மட்டும்தான் நமக்கு.

முன்கூடத்தில் எல்லாருக்கும் ஒரு தாள் கொடுத்திருந்தார்கள். கப்பல் எந்தெந்தத் துறையில் நிற்கும், இறங்கினால் எதையெதைப் பார்க்கலாம், எதற்கு எவ்வளவு நடை என்று அதில் அச்சடித்திருந்தது. நடை குறைவென்றால் பக்கத்தில் ஒரு காலணிப் படம், கூடுதலென்றால் இரண்டு. மூன்று காலணி போட்டிருந்தால் மலையேற வேண்டும். இரவுச் சாப்பாட்டுக்கு முன் குறித்துக் கொடுத்துவிட வேண்டும் என்று பயணங்களைக் கவனிக்கும் மார்டோன் என்ற ஹங்கேரிக்காரன் சொல்லிவிட்டுப் போயிருந்தான். ஹைட்ரூன் ஒற்றைக் காலணிகளாகப் பார்த்து டிக் அடித்துக்கொண்டே போனாள்.

"என்ன ஹைட்ரூன், ஆஸ்பத்திரிலேருந்து நேரா வந்த மாதிரி குறிக்கறே?" என்று எட்டிப் பார்த்தாள் ரோஸ்விதா. ஹைட்ரூனின் கணவர் எக்கார்ட்டின் தங்கை அவள். இந்தப் பயணமே அவள் போட்ட திட்டம்தான். "டூர்ன்ஸ்டைன்ல இடிஞ்ச கோட்டைக்கு ஏறலாம்னு போட்டிருக்கான் பாரு. எக்கிக்கு மலைன்னா உசிராச்சே."

"அவருக்கு முட்டி வலி."

"முட்டி வலியா? போன கோடையில என் வீட்டுக் கூரைமேல ஏறி ஓடு மாத்தினானே. அப்ப முட்டியைக் கீழேயே வச்சுட்டுப் போனானா?"

"போன கோடை வேற, இப்ப வேற."

இரண்டு பேருக்கும் நடுவில்தான் எக்கார்ட் உட்கார்ந்திருந்தார். கையில் வரவேற்பு பானம், முகத்தில் புன்னகை, பார்வை சன்னலுக்கு வெளியே ஆற்றின் மேல். கூடம் முழுக்கப் பேச்சும் கண்ணாடிக் குவளைகளின் சத்தமும் பியானோவுமாக இருந்தது. ரோஸ்விதா அவர் பக்கம் சாய்ந்து, "எக்கி, கோட்டைக்கு ஏறுறியா?" என்றாள்.

அவர் குவளையைத் தூக்கிப் பார்த்துக்கொண்டார். "ம், நல்லாத்தான் இருக்கு. இனிப்புதான் கொஞ்சம் ஜாஸ்தி."

ரோஸ்விதா வாய்விட்டுச் சிரித்தாள். ஹைட்ரூனால் சிரிக்க முடியவில்லை. தாளை மடித்துக்கொண்டு போய் மார்டோனிடம் கொடுத்துவிட்டு வந்தாள்.

இது பனிக்காலத்திலேயே தொடங்கிவிட்டது. கதவைப் பூட்டினாயா என்று கேட்டால் வியாழக்கிழமை என்பார். அடுப்பில் கெட்டில் வீறிட்டுக்கொண்டிருக்கும், அவர் இரண்டடி தள்ளி உட்கார்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருப்பார். காஸல் நகரில் ஒரு செய்தித்தாள் அச்சகத்தில் வாழ்நாளெல்லாம் இயந்திரம் ஓட்டியவர்; ஓய்வு பெற்ற பிறகும் பழைய கூட்டாளிகளோடு வாராவாரம் சீட்டாட்டத்துக்குப் போவதை விட்டதில்லை. அதையும் நிறுத்திவிட்டார். ஏன் என்றால், "அலுத்துப் போச்சு." பேரப்பிள்ளைகள் வந்து கலகலவென்று பேசத் தொடங்கினால் எல்லாருக்கும் பொதுவாக ஒரு புன்னகை செய்துவிட்டுப் பின்கட்டுக் கொட்டகைக்குள் போய்விடுவார்.

அந்தப் புன்னகை ஹைட்ரூனுக்குத் தெரிந்த புன்னகை. அவளுடைய அம்மாவும் அப்படித்தான் தொடங்கினாள். முதலில் சம்பந்தமில்லாத பதில்கள். அப்புறம் எதற்கெடுத்தாலும் தலையாட்டல். அப்புறம் பெயர்கள் போயின. கடைசியில் சோறூட்டிக்கொண்டிருந்த ஹைட்ரூனைப் பார்த்து, "நீ ரொம்ப நல்ல பொண்ணும்மா, உன் அம்மா குடுத்து வச்சவ" என்றாள். அம்மாவைப் போகிற வரைக்கும் பார்த்துக்கொண்டவள் ஹைட்ரூன்தான். இப்போது வீட்டுக்காரர் விஷயத்தை டாக்டரிடம்கூடச் சொல்லவில்லை. வாயைத் திறந்து சொல்லிவிட்டால் அது நிஜமாகிவிடும் என்று இருந்தது. ரோஸ்விதா கப்பல் பயணம் என்றதும் மறு பேச்சில்லாமல் சரி என்றதற்கும் அதுதான் காரணம். தன்னை யாரென்று அவருக்குத் தெரிந்திருக்கும்போதே ஒரு தடவை சேர்ந்து போய்விட்டு வந்துவிடலாம்.

மறுநாள் போன மெல்க் மடாலயத்துக்கு ஒற்றைக் காலணிதான். பேருந்து வாசல் வரைக்கும் போகும்.

கப்பலை விட்டு இறங்கும்போது ஆளுக்கொரு சின்னப் பெட்டியைக் கழுத்தில் தொங்கவிட்டார்கள். அதிலிருந்து வருகிற ஒயரின் நுனியைக் காதில் செருகிக்கொண்டால், வழிகாட்டி தன் மைக்கில் பேசுவது நமக்குக் கேட்கும். ஹைட்ரூன், "இரு, நான் மாட்டி விடறேன்" என்று கையை நீட்டுவதற்குள் எக்கார்ட் தானே மாட்டிக்கொண்டு பக்கவாட்டுச் சக்கரத்தைக் கடைசி வரைக்கும் திருகிவிட்டிருந்தார்.

வழிகாட்டி வால்புர்கா என்ற ஒல்லியான பெண்மணி. முகத்தில் சிரிப்பே வராது. சத்தம் போடாமல், ரகசியம் சொல்வதைப் போலப் பேசுவாள். அவள் பின்னால் முற்றங்களைக் கடந்து, படியேறி, நீண்ட நடைகூடங்களின் வழியாகப் போனார்கள். ஹைட்ரூன் எக்கார்ட்டின் முழங்கையைக் கோத்த கையை எடுக்கவில்லை. மார்பிள் மண்டபத்தில்தான் தும்மல் வந்தது. கைக்குட்டையைத் தேடக் கையை விட்டாள். அதற்குள் பின்னால் வந்த கூட்டம் அவளை நெட்டித் தள்ளிக்கொண்டு வெளிமாடத்துக்குப் போய்விட்டது.

மாடத்தில் காற்று அள்ளிக்கொண்டு போயிற்று. கீழே ஊரின் கூரைகள், அதற்கப்பால் டான்யூப். யாரும் அழகைப் பார்த்து முடிப்பதாக இல்லை. ஹைட்ரூன் சுற்றும்முற்றும் பார்த்தாள். எக்கார்ட்டைக் காணோம். அம்மா ஒரு தடவை இப்படித்தான் சந்தையில் காணாமல் போய், ரயில் நிலையத்தில் செருப்பில்லாமல் கிடைத்தாள்.

காதில் வால்புர்காவின் குரல் ரகசியம் பேசிக்கொண்டிருந்தது. "இப்ப தாண்டி வந்தோமே, அதுக்குப் பேரு மார்பிள் மண்டபம். ஆனா கதவைச் சுத்தி மட்டும்தான் நிஜ மார்பிள். சுவரெல்லாம் பூச்சு வேலை. இங்க இருந்த துறவிங்க ரொம்பச் சிக்கனம். சாப்பாட்டு விஷயம் தவிர."

மாடத்தில் எல்லாரும் சிரித்தார்கள். அதே நொடியில் ஹைட்ரூனின் முதுகுக்குப் பின்னால், திறந்திருந்த கதவுக்குள்ளிருந்து, கட்டையான ஒரு சிரிப்பு வந்தது.

திரும்பினாள். காலியான மண்டபத்தின் நடுவில் எக்கார்ட் தனியாக நின்று, கழுத்தை வளைத்து மேற்கூரை ஓவியத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். தோள்கள் இன்னும் குலுங்கிக்கொண்டிருந்தன. யாரும் சிரிப்பதைப் பார்த்து அவர் சிரிக்கவில்லை. அங்கே பார்ப்பதற்கு ஆளே இல்லை.

வால்புர்காவும் அவரைப் பார்த்துவிட்டாள். திரும்பி நின்று, அதே தணிந்த குரலில் கேட்டாள். "உள்ள நிக்கிற ஐயா. மேல பாக்கறீங்களே, அந்தக் கூரை வளைவா, தட்டையா?"

எக்கார்ட் இன்னொரு தடவை நிமிர்ந்து பார்த்தார். பிறகு அங்கிருந்தே உரக்கச் சொன்னார். "கண்ணுக்கு வளைவுதான். ஆனா நீங்க கேக்கற தினுசைப் பாத்தா தட்டையாத்தான் இருக்கும்."

"தட்டைதான்" என்றாள் வால்புர்கா. "வளைஞ்ச மாதிரி வரைஞ்சு வச்சிருக்காங்க. ஐயா யாருகிட்டயும் சுலபமா ஏமாற மாட்டாரு போல."

எல்லாரும் மறுபடியும் சிரித்தார்கள். ரோஸ்விதா, "எங்க அண்ணன்தான்" என்று பக்கத்திலிருந்தவர்களிடம் பீற்றிக்கொண்டாள். ஹைட்ரூன் மாடத்தின் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

ஆனாலும் அவள் உடனே நம்பிவிடவில்லை. அம்மாவுக்கும் நல்ல நாட்கள் இருந்தன. நூலகத்திலும் தேவாலயத்திலும் அவள் எதையும் பார்க்கவில்லை, எக்கார்ட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். வால்புர்கா ஏதாவது ஒன்றைக் காட்டினால் அவர் பார்வை உடனே அங்கே போயிற்று. பழைய அச்சுப் புத்தகம் ஒன்றின் முன் நின்று கேள்வி கேட்டார். கிடைத்த பதிலுக்கு மேல் இன்னொரு கேள்வி கேட்டார். பனிக்காலம் முழுக்கத் தன் வீட்டில் நடமாடிய மனிதர் யார், இவர் யார் என்று அவளுக்குக் குழப்பமாக இருந்தது.

சுற்றி முடித்து எல்லாரும் தோட்டத்துக்கு வந்தார்கள். காபி குடிக்க நேரம் கொடுத்திருந்தார்கள். எக்கார்ட் காதிலிருந்து ஒயரைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு முன்னால் நடந்தார்.

"எக்கார்ட், தொப்பியைப் போட்டுக்கோ" என்றாள் ஹைட்ரூன் பின்னாலிருந்து.

அவர் நடந்துகொண்டே இருந்தார்.

"எக்கார்ட், தொப்பி."

திரும்பவில்லை. அவள் எட்டிப்போய்த் தோளைத் தொட்டதும், "என்ன?" என்று அந்தப் பழைய புன்னகையோடு திரும்பினார்.

ஹைட்ரூன் அப்படியே நின்றாள். அவருடைய சட்டைப்பையிலிருந்து தொங்கிய ஒயரைப் பார்த்தாள். பிறகு விறுவிறுவென்று போய், காபிக் கடை வாசலில் நின்ற வால்புர்காவைப் பிடித்தாள்.

"அந்த மைக்கைக் கொஞ்சம் தர்றீங்களா?"

"பாடப் போறீங்களா?"

"இல்ல. என் வீட்டுக்காரர்கிட்ட பேசணும்."

வால்புர்கா அவளை ஒரு கணம் பார்த்தாள். மறு பேச்சில்லாமல் கழுத்திலிருந்து கழற்றிக் கொடுத்தாள். "மெதுவாப் பேசினாப் போதும். ரொம்ப தூரத்துக்குக் கேக்கும்."

எக்கார்ட்டைக் காதில் மாட்டிக்கொள்ளும்படி சைகை காட்டிவிட்டு, ஹைட்ரூன் தோட்டத்தின் மறுகோடிக்குப் போனாள். வாயசைவைப் பார்த்துவிடக் கூடாது என்று முதுகைக் காட்டி நின்றுகொண்டாள். எதிரே ஒரு மரம் மட்டும்தான் இருந்தது.

"எக்கார்ட், கேக்குதா?"

"கேக்குது" என்று பின்னாலிருந்து சத்தம் வந்தது. "மரத்தைப் பாத்து ஏன் பேசறே?"

"நம்ம கல்யாணத்தன்னைக்கு வண்டி எங்க நின்னு போச்சு?"

"ஃபுல்டா பாலத்துல. கொட்டற மழை. உங்கப்பா தள்ளினாரு, நான் உள்ள உக்காந்திருந்தேன். சாகற வரைக்கும் சொல்லிக் காட்டினாரே."

"நேத்து என்ன சாப்பிட்டே?"

"மீன். பாதியை ரோஸ்விதா புடுங்கிக்கிட்டா. எதுக்கு இதெல்லாம் கேக்கறே?"

"கதவைப் பூட்டினியான்னு கேட்டா வியாழக்கிழமைன்னு ஏன் சொன்னே?"

சரளைக் கற்களில் காலடி நெருங்கி வந்தது. "குப்பை வண்டி என்னைக்கு வரும்னுதானே நீ கேட்டே?" என்றார் எக்கார்ட், இப்போது வெகு பக்கத்தில்.

அவள் திரும்பினாள். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. எதையும் அடக்க முடியவில்லை. பக்கத்தில் இருந்த பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். அவரும் உட்கார்ந்தார்.

"உனக்குக் காது கேக்கலை" என்றாள் மைக்கில். "காதுதான். வேற ஒண்ணும் இல்ல, எக்கார்ட். காதுதான் கேக்கலை."

அவர் வெகுநேரம் தன் கையிலிருந்த பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நீதான் முணுமுணுக்க ஆரம்பிச்சுட்டேன்னு நினைச்சேன். என்கிட்ட வாயைத் திறந்து பேசக்கூட உனக்கு அலுப்பா இருக்குன்னு."

"நானா?"

"சீட்டாடற இடத்துல எல்லாரும் சிரிப்பானுங்க. என்னன்னு புரியாது. நானும் சிரிச்சு வைப்பேன், தப்பான இடத்துல. ஒருத்தனை ஒருத்தன் பாத்துக்குவானுங்க. உங்கம்மாவுக்கு வந்ததுதான் எனக்கும் வந்திருக்குன்னு நினைச்சுட்டேன்."

"சொல்லியிருக்கலாமில்ல?"

"அவங்களோட நீ பட்டதெல்லாம் பக்கத்துலருந்து பாத்தவன் நான். மறுபடியும் ஒண்ணான்னு உன்கிட்ட எப்படிச் சொல்றது?"

ஹைட்ரூன் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு பேரும் ஒரே வீட்டில், ஒரே மேசையில், ஒரே பயத்தை ஆளுக்கொரு பக்கமாக மறைத்துக்கொண்டு ஒரு பனிக்காலத்தைக் கழித்திருக்கிறார்கள். நினைத்தபோது கோபம்தான் வந்திருக்க வேண்டும். வரவில்லை. நெஞ்சுக்கூட்டின் மேல் ஏறி உட்கார்ந்திருந்த ஏதோ ஒன்று இறங்கிப் போய்விட்டதைப் போல் மூச்சு தாராளமாக வந்தது.

காபிக் கடைப் பக்கமிருந்து ரோஸ்விதா மூக்கைச் சிந்திக்கொண்டே ஓடி வந்தாள். அவள் காதில் ஒயர் அப்படியே இருந்தது.

"நீங்க பேசினது ஒண்ணு விடாம எனக்குக் கேட்டுது" என்றாள். "நம்ம கூட்டத்துல வந்த ப்ரேமன் ஊர்க்காரங்க, புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேருக்கும் கேட்டுது. அந்தம்மா அழுதுட்டிருக்கு. மைக்கை அணைச்சுத் தொலைச்சுட்டுப் பேசுங்க."

அணைப்பதற்கு முன் எக்கார்ட் குனிந்து மைக்கில் சொன்னார். "ரோஸ்விதா, நீ எவ்வளவு வளவளன்னு பேசுவேங்கறதையே நான் மறந்து போயிருந்தேன். நிம்மதியா இருந்துச்சு."

கப்பலுக்குத் திரும்பியதும் ஹைட்ரூன் நேராக மார்டோனிடம் போனாள்.

"டூர்ன்ஸ்டைன்ல கோட்டைக்கு ஏறறதுக்கு எங்க மூணு பேரையும் போடுங்க."

"நீங்க ஒயின் ருசி பாக்கறதுக்குப் போறதாத்தானே குறிச்சிருந்தீங்க மேடம்? ஒரே காலணி. கோட்டைக்கு மூணு. வழி முழுக்க உக்காரவே இடமில்லாத பாதை அது."

"குறிச்சது நான்தான், தெரியும். மாத்துங்க."

"இடம் முடிஞ்சு போச்சே." பட்டியலைப் பார்த்துவிட்டு அவன் மூக்கைச் சொறிந்தான். "ஒரு நிமிஷம். நேத்து கிரீம் கேக்கை மூணு தடவை வாங்கிச் சாப்பிட்ட குடும்பம் ஒண்ணு அறையை விட்டு வெளியவே வரலை. அவங்க இடத்தைத் தர்றேன். ஆனா நடுவுல நின்னுட்டா நான் தூக்கிட்டு வர மாட்டேன்."

நடுவில் நின்றது ஹைட்ரூன்தான். எக்கார்ட் முன்னால் இருந்தவர்களோடு கல்படிகளில் ஏறிப் போய்க்கொண்டே இருந்தார். சரிவு முழுக்க ஆப்ரிகாட் பழ மரங்கள் வெள்ளையாகப் பூத்திருந்தன. அவள் ஒரு பாறையில் சாய்ந்து மூச்சு வாங்க, ரோஸ்விதா தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தாள்.

"முட்டி வலியா?" என்றாள் ரோஸ்விதா, முகத்தை மிகவும் அப்பாவியாக வைத்துக்கொண்டு.

"வாயை மூடு" என்றாள் ஹைட்ரூன். தண்ணீர் புரையேறும் அளவுக்குச் சிரிப்பு வந்தது.

வியன்னாவில் எல்லாரும் அரண்மனை பார்க்கப் போனார்கள். ஹைட்ரூன் தங்கள் சீட்டுகளை ப்ரேமன்காரத் தம்பதிக்குக் கொடுத்துவிட்டாள். அவர்கள் குறித்தபோது இடம் தீர்ந்து போயிருந்ததாம். மார்டோன் தொலைபேசியில் கேட்டுச் சொன்ன காதுக்கருவிக் கடை ஒன்றுக்கு எக்கார்ட்டை அழைத்துக்கொண்டு டிராமில் போனாள்.

கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, ஒலி கேட்கும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். ஹைட்ரூன் வெளியே நின்று பார்த்தாள். தொடக்கத்தில் அவர் விரல் அடிக்கடி அசைந்தது. அப்புறம் வெகுநேரம் அசையவே இல்லை. அவர் இவளைப் பார்த்து, இன்னும் ஆரம்பிக்கவில்லையா என்று புருவத்தால் கேட்டார்.

சோதனை செய்த இளம்பெண் அவருக்கு எதிரே உட்கார்ந்து, முகத்தைப் பார்த்து நிதானமாகச் சொன்னாள். "கனமான சத்தம் கேக்குது. மெல்லிசான சத்தமெல்லாம் ரொம்பக் குறைஞ்சு போச்சு. விசில், பறவை, குழந்தைங்க, பொம்பளைங்க பேசறது. என்ன வேலை பாத்தீங்க?"

"அச்சகம். ரோட்டரி மெஷின்."

"காதுக்கு ஏதாவது வச்சுப்பீங்களா?"

"அந்தக் காலத்துல யார் வச்சுக்கிட்டா? பக்கத்துல நிக்கறவனைக் கெட்ட வார்த்தையில திட்டினாக்கூட அவன் நன்றி சொல்லுவான்."

அவள் சிரித்துவிட்டு, ஊருக்குப் போனதும் காது மருத்துவரைப் பார்த்துக் கருவி வாங்கிக்கொள்ளும்படி எழுதிக் கொடுத்தாள். ஹைட்ரூன் கிளம்பவில்லை. எப்படிக் கேட்பது என்று தெரியாமல் கைப்பையின் வாரை முறுக்கினாள்.

"ஞாபகம்... அந்த மாதிரி ஏதாவது..."

"அதைச் சொல்ல எனக்குப் படிப்பு இல்ல. உங்க குடும்ப டாக்டர்கிட்ட கேட்டுக்குங்க, கேக்கறது நல்லதுதான்" என்றாள் அந்தப் பெண். "ஆனா இந்த மாதிரி பயந்துக்கிட்டு வர்றவங்க நிறைய. பாதி வார்த்தைதான் காதுல விழுதுன்னா, மீதியை ஊகிச்சுத்தானே பதில் சொல்லணும்? இவரு கிட்ட நான் எதையும் ரெண்டாவது தடவை சொல்ல வேண்டியிருக்கலை."

அன்று இரவு ஹைட்ரூன் படுத்ததுதான் தெரியும். இயந்திரத்தை முடுக்கியது, கப்பல் துறையை விட்டது, மதகுகளைத் தாண்டி எல்லையைக் கடந்தது எதுவும் தெரியாது. கண் விழித்தபோது அறைக்குள் வெயில் நிறைந்திருந்தது. சன்னலுக்கு வெளியே குன்றின் மேல் ஒரு வெள்ளைக் கோட்டை நின்றது. பிராட்டிஸ்லாவா. கப்பல் நின்று நேரமாகியிருந்தது. பக்கத்துப் படுக்கை காலி.

ஒரு நொடி திடுக்கிட்டு எழுந்தாள். பிறகு அவருடைய கழுத்துப் பெட்டி கொக்கியில் இல்லை என்பதைப் பார்த்தாள். மறுபடியும் படுத்துக்கொண்டாள்.

எக்கார்ட் மதியம் வந்தார். கையில் எண்ணெய் ஊறிய காகிதப் பை. பின்னாலேயே ரோஸ்விதா.

"எழுப்பலாம்னுதான் பாத்தேன்" என்றாள் ரோஸ்விதா. "இவன்தான் விடலை. தூங்கட்டும், பாத்துட்டு வந்து நான் சொல்றேன்னான். நான் கால் வலிக்குதுன்னு பாதியிலேயே உக்காந்துட்டேன். இவன் தனியாவே மீதியைச் சுத்திட்டு வந்தான்."

"தனியாவா?"

"வழிகாட்டிப் பொண்ணு காதுல பேசிக்கிட்டே நடக்குது, நான் பின்னாலயே போறேன். இதுல வழி தப்பறதுக்கு என்ன இருக்கு?" என்று எக்கார்ட் பையைப் பிரித்தார். கசகசாப் பூரணம் வைத்த, பிறை வடிவிலான ரொட்டிகள். இன்னும் இளஞ்சூடாக இருந்தன. "சாப்பிடு. இது இந்த ஊர் விசேஷமாம்."

ஹைட்ரூன் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்து ஒன்றைக் கடித்தாள். கசகசா போர்வையெல்லாம் சிந்தியது. அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு, அவள் முகம் தெரியும்படி எதிரே உட்கார்ந்துகொண்டார்.

"முதல்ல அந்தக் கோட்டை" என்று தொடங்கினார். "அதுல ஒரு தடவை தீப்பிடிச்சுச்சு. படைவீரங்கதான் காரணம். எப்படின்னு கேளு."

"எப்படி?" என்றாள் ஹைட்ரூன், நன்றாக வாயைத் திறந்து.